புதுப் பூட்டும் பழைய நிலைவாசலும்: டெல்டா வீடுகளில் மின்னணுக் கதவுப் பூட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளிலும் இப்போது விரல்ரேகைப் பூட்டு வந்துவிட்டது. பூட்டோடு வரும் கையேடு, புது அடுக்குமாடிக் குடியிருப்பின் நேரான, 40 மி.மீ. கனமுள்ள கதவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இங்கே இருப்பதோ ஐப்பசி மழையில் ஊதிக்கொள்ளும் பலகைக் கதவும், தாத்தா காலத்து வாசக்காலும். பெரும்பாலான புகார்கள் இந்தப் பொருத்தமின்மையில்தான் பிறக்கின்றன.

கீழே உள்ளவை பேட்டரியில் ஓடும் மார்ட்டீஸ் வகைப் பூட்டுக்கானவை. அதாவது கதவின் கனத்துக்குள் பெட்டி புதைந்திருக்கும் வகை. அதில் இரண்டு நாக்குகள் உண்டு. கதவைச் சாத்தினால் தானாக உள்வாங்கி வெளிவருவது சரிவு நாக்கு. பூட்டும்போது நீளமாக வெளியே வருவது கட்டை நாக்கு. பிராண்டுக்குப் பிராண்டு பொத்தான் வரிசையும் பீப் எண்ணிக்கையும் மாறும்; கோளாறின் காரணங்கள் அவ்வளவாக மாறுவதில்லை.

டெக்னீஷியன் வேலையை முடித்து "எல்லாம் சரியாகிவிட்டது" என்கிறார். அவர் கிளம்பும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பணம் கொடுப்பதற்கு முன் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். கதவைத் திறந்து வைத்தபடியே சோதியுங்கள். சாத்திய கதவில் சோதித்து எதாவது மாட்டிக்கொண்டால், கொல்லைப்பக்கம் சுற்றித்தான் உள்ளே வர வேண்டியிருக்கும்.

முதலில் சாவி. கூடவே வந்த சாவிகள் ஒவ்வொன்றையும் போட்டுத் திருப்பிப் பாருங்கள். "ஒரு சாவி வேலை செய்கிறது, போதும்" என்று விடாதீர்கள். அடுத்து பேட்டரி முழுவதையும் கழற்றிவிட்டு, உள்பக்க ஹேண்டிலை அழுத்துங்கள். இரண்டு நாக்கும் உள்ளே போக வேண்டும். தீப்பிடித்தாலோ, வயதானவர் உள்ளே தனியாக இருந்தாலோ இந்த ஒன்றுதான் காப்பாற்றும். இது வேலை செய்யாத பூட்டை ஏற்றுக்கொள்ளவே வேண்டாம்.

பேட்டரியைத் திரும்பப் போட்டு, கதவு திறந்த நிலையிலேயே பத்து முறை பூட்டித் திறங்கள்: விரல், எண், கார்டு என மாற்றி மாற்றி. பிறகு உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் நின்று, கதவைச் சாத்தி இன்னொரு பத்து முறை. மோட்டாரின் சத்தம் இரண்டு தடவையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சாத்தியபோது சத்தம் இழுத்தால், பூட்டில் அல்ல, கதவில்தான் வேலை பாக்கி இருக்கிறது. ஆசாரியை அப்போதே பிடித்து நிறுத்துங்கள்.

கடைசியாக அவசர மின்சாரம் கொடுக்கும் இடம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெளிப்பக்கத்தின் அடியில் இருக்கும் முனைகளில் 9 வோல்ட் சதுர பேட்டரியை வைத்தோ, யூஎஸ்பி-சி துளையில் வயரைச் செருகியோ, திறந்து பாருங்கள்.

கதவு திறந்திருக்கும்போது பூட்டு பிரமாதமாக வேலை செய்கிறது. சாத்தினால் மோட்டார் முனகி, நாக்கு பாதியில் நின்று, பீப் பீப் என்று கத்துகிறது. பூட்டை மாற்றச் சொல்லலாமா?

வேண்டாம். திறந்த கதவில் ஓடும் பூட்டு நல்ல பூட்டு. நாக்கு போய் விழ வேண்டிய இடத்தில்தான் இடைஞ்சல்.

கட்டை நாக்கின் நுனியில் சுண்ணாம்பையோ நீரில் குழைத்த சாக்பீஸ் தூளையோ தடவுங்கள். கதவைச் சாத்திப் பூட்டச் சொல்லி, திறந்து, நிலையில் இருக்கும் ஸ்டிரைக் பிளேட்டை (நாக்கு நுழையும் துளையுள்ள உலோகத் தட்டு) பாருங்கள். வெள்ளைத் தடம் துளைக்குள் விழாமல் ஓரத்தில் எங்கே பட்டிருக்கிறதோ, அதுதான் விடை.

தடம் துளையின் கீழ்விளிம்பில் இருந்தால் கதவு தொங்கிவிட்டது என்று பொருள். ஸ்டிரைக் பிளேட்டை அராவும் முன் மேல்கீலைப் பாருங்கள். கனமான தேக்குக் கதவில் மேல்கீலின் ஸ்குரூ பிடி விட்டிருக்கும். கதவை ஓரத்தில் பிடித்து மேலே தூக்கினால் ஆட்டம் கையில் தெரியும். அங்கே 25 மி.மீ. ஸ்குரூ இருந்தால் 50 மி.மீ. ஸ்குரூ போட்டு இறுக்கினால், பாதிப் பேருக்கு அத்துடன் வேலை முடியும். கீல் உறுதியாக இருந்தும் தடம் 1–2 மி.மீ. தள்ளி விழுந்தால் தட்டின் துளையை அரத்தால் அராவலாம். அதற்கு மேல் தள்ளியிருந்தால் தட்டையே கழற்றி, பழைய ஸ்குரூத் துளைகளை மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்து, காய்ந்தபின் புது இடத்தில் பொருத்துங்கள். அடைக்காமல் பக்கத்திலேயே புதுத்துளை போட்டால் ஸ்குரூ பழைய துளைக்கே வழுக்கிப் போய்விடும்.

தடம் கதவுக்கு முன்பக்கமோ பின்பக்கமோ தள்ளி விழுந்தால், அது கதவு சாத்தும் ஆழத்தின் கோளாறு. நிலையில் கதவு வந்து முட்டும் படிவில் ஒட்டிய ரப்பர் பட்டை தடிமனாக இருக்கலாம்; பழைய பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கலாம். கதவைக் கையால் தள்ளிப் பிடித்தால் பூட்டுகிறது, விட்டால் பூட்டவில்லை என்பது இதன் அடையாளம்.

தடமே சரியாகத் துளைக்குள் இருந்தும் நாக்கு முழுதும் வெளிவரவில்லையா? துளையின் ஆழம் போதவில்லை. கட்டை நாக்கு பெரும்பாலும் 20 முதல் 25 மி.மீ. வரை வெளியே வரும். நிலையில் 30 மி.மீ. ஆழம் வெட்டியிருக்க வேண்டும். அளவாக வெட்டியிருந்தும் அடியில் சீவல், சிமெண்ட் துணுக்கு கிடக்கும். இன்னொன்று, நம் ஊர்க் குளவி. நிலைத்துளை அதற்குக் கட்டிக் கொடுத்த வீடு மாதிரி. சில நாளில் மண்ணால் அடைத்துவிடும். போன வாரம் வரை நன்றாக ஓடிய பூட்டு திடீரென்று மக்கர் செய்தால், முதலில் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கதவுக்கும் நிலைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி சரி?

3 முதல் 5 மி.மீ. வரை. அளவுகோல் நுழையாத இடத்தில் ஏடிஎம் கார்டு உதவும். ஒரு கார்டின் கனம் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர். நான்கு கார்டை அடுக்கி, மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் தடையின்றி இழுக்க முடிந்தால் போதும். 7–8 மி.மீ.க்கு மேல் போனால் கட்டை நாக்கு நிலைக்குள் போகும் நீளம் குறைந்து பாதுகாப்பே போய்விடும். அப்போது ஸ்டிரைக் பிளேட்டுக்கு அடியில் மரப்பட்டை வைத்து முன்னே கொண்டுவர வேண்டும்.

ஆவணியில் போட்ட பூட்டு. ஐப்பசி பிறந்ததும் கதவு இறுக்கிக்கொண்டது. இழைத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். வடகிழக்கு மழையில் மரம் ஈரத்தை இழுத்து, நாரின் குறுக்குவாட்டில் பருக்கும். நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. அதனால்தான் கதவு உயரத்தில் இறுக்காமல் அகலத்தில் இறுக்குகிறது. நன்றாக உலர்ந்த தேக்கு குறைவாகப் பருக்கும். மா, வேம்பு போன்ற பலகைகளும், ஓரம் பூசாத பிளஷ் கதவுகளும் (இருபுறமும் பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவுகள்) அதிகம் பருக்கும். கார்த்திகையில் மனம்போல இழைத்துவிட்டால், சித்திரை வெயிலில் கதவு சுருங்கி விரல் நுழையும் சந்து விடும். பிறகு நாக்கு எட்டாது.

மழைமாதத்தில் தொடும் இடத்தை மட்டும் பென்சிலால் குறித்து, உரசலைத் தவிர்க்கும் அளவுக்கு, அரை மில்லிமீட்டர் போல இழைப்புளியில் ஒரே ஓட்டம் எடுங்கள். மெழுகுவர்த்தியை அந்த ஓரத்தில் தேயுங்கள். முழுச் சீரமைப்பைத் தை, மாசிக்குத் தள்ளிப்போடுங்கள்.

இன்னும் முக்கியமானது, பூட்டுக்காக வெட்டிய குழிக்குள் வார்னிஷோ பிரைமரோ பூசியிருக்கிறார்களா என்பது. யாரும் பூசுவதில்லை. பச்சை மரம் தெரியும் அந்தக் குழிதான் ஈரத்தை முதலில் குடிக்கிறது. குழி பருத்தால் பெட்டி நெரிபடும், நாக்கு சிக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: கதவின் ஓரத்தில் பூட்டுப் பெட்டியைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்குரூக்களை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். உடனே நாக்கு லேசாக ஓடினால் குழிதான் குற்றவாளி. பெட்டியை வெளியே எடுத்து, உளியால் பக்கங்களை ஒரு மில்லிமீட்டர் அகட்டி, இரண்டு கை வார்னிஷ் பூசி, ஒருநாள் காயவிட்டு மாட்டுங்கள்.

விரலே வைக்காமல் வெளிப்பக்க ஹேண்டிலை அழுத்தினால் கதவு திறந்துகொள்கிறது!

மூன்று காரணங்களைத்தான் பார்க்க வேண்டும். பூட்டு 'எப்போதும் திறந்த நிலை'யில் விடப்பட்டிருக்கலாம். கல்யாணம், காரியம் என்று ஆள் வந்துபோகும் நாளுக்காக இந்த வசதி இருக்கிறது, தெரியாமல் அழுத்தப்பட்டிருக்கும். பூட்டின் அமைப்பில் (செட்டிங்ஸ்) போய் நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, ஹேண்டில்களை இணைக்கும் சதுரக் கம்பி. பெரும்பாலும் 8 மி.மீ. கனம் இருக்கும். வெளிப்பக்க ஹேண்டில் சாதாரணமாக வெறுமனே சுழலும். அடையாளம் சரியென்றால்தான் உள்ளே ஒரு சிறு மோட்டார் அதைக் கம்பியோடு கோர்த்துவிடும். கம்பியையோ அது நுழையும் துளையையோ குறிப்பிட்ட திசையில் வைக்க வேண்டும். பல மாடல்களில் அம்புக்குறியோ முக்கோணக் குறியோ இருக்கும். அதைக் கவனிக்காமல் மாட்டினால், எப்போதும் திறந்தபடி இருக்கும். அல்லது எவ்வளவு சரியான விரல் வைத்தாலும் திறக்காது. இரண்டு கோளாறுக்கும் ஒரே காரணம்.

மூன்றாவது, இடக்கதவு வலக்கதவு மாற்றம். ஹேண்டிலின் முதுகிலோ பெட்டியிலோ உள்ள சின்ன ஸ்குரூ ஒன்றை இடம் மாற்றிப் போட வேண்டியிருக்கும். அதை மறந்தால் வெளிப்பக்கமே உள்பக்கம்போல நடந்துகொள்ளும்.

எங்கள் வீட்டில் எந்த விரலை வைத்தாலும் திறக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனின் விரலுக்கும் திறந்தது. பூட்டு போலியா?

போலி இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த வெள்ளை நிலையிலேயே இருக்கிறது. நிர்வாகி ஒருவரைப் பதியும் வரை பல பூட்டுகள் எந்த விரலையும் எந்தக் கார்டையும் ஏற்கும். 123456 போன்ற பொது எண்ணுக்கும் திறக்கும். பொருத்தும்போது சோதிக்க வசதியாக இப்படி வைத்திருக்கிறார்கள். நிர்வாகி எண்ணைப் போட்டு, உங்கள் விரலை முதல் நிர்வாகியாகப் பதிந்ததும் இது நின்றுவிடும்.

பொருத்தியவர் சோதனைக்காகத் தன் விரலைப் பதிந்திருந்தால் அதை அழியுங்கள். எது யாருடையது என்று தெரியாவிட்டால் முழுவதும் ரீசெட் செய்து முதலிலிருந்து பதிவதுதான் நல்லது; பத்து நிமிட வேலை. எண்ணாகப் பிறந்த வருடத்தையும் வீட்டு நம்பரையும் வைக்காதீர்கள்.

ஹேண்டிலை அழுத்தி விட்டால் மேலே திரும்பி வருவதில்லை.

கதவின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் நீள ஸ்குரூக்களை அதிகம் இறுக்கிவிட்டார்கள். டிரில் மெஷினால் முறுக்கினால் இப்படித்தான் ஆகும். உள்ளே வெற்றான பிளஷ் கதவாக இருந்தால் கதவே அமுங்கிப் போயிருக்கும். ஒவ்வொரு ஸ்குரூவையும் அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஹேண்டில் துள்ளி வந்தால் சரி; அந்த அளவிலேயே விடுங்கள். கடைசி முறுக்கு எப்போதும் கைத்திருப்புளியால்தான் இருக்க வேண்டும்.

மாமியாரின் விரலைப் பூட்டு ஏற்கவே மாட்டேன் என்கிறது. மற்ற எல்லாருக்கும் திறக்கிறது.

நாற்று நட்டு, களை பறித்து, பாத்திரம் தேய்த்த கையில் ரேகை தேய்ந்திருக்கும். வயதானால் தோல் காய்ந்து, ரேகை மேடும் தட்டையாகிவிடும். பூட்டின் உணரி (சென்சார்) ரேகையின் மேடு பள்ளத்தைத்தான் அளக்கிறது. மேடு இல்லையென்றால் அளப்பதற்கு ஒன்றும் இல்லை.

வலது கட்டைவிரலிலேயே பிடிவாதமாக நிற்காதீர்கள். இடக்கை மோதிரவிரலும் நடுவிரலும் பெரும்பாலும் குறைவாகத் தேய்ந்திருக்கும். ஒரே விரலை இரண்டு தனிப் பதிவாகப் பதியுங்கள்: ஒருமுறை குளித்துத் துடைத்த கையோடு, இன்னொரு முறை சாயங்காலம் காய்ந்த கையோடு. பதியும்போது ஒவ்வொரு தொடுதலுக்கும் விரலைக் கொஞ்சம் இடம் மாற்றி, ஓரங்களும் படும்படி வையுங்கள். கை காய்ந்திருந்தால் நெற்றியில் ஒருமுறை தேய்த்துவிட்டு வைக்கலாம். அந்த எண்ணெய்ப் பிசுக்கே போதும். ஆனால் சொட்டச் சொட்ட ஈரம் இருந்தால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு பத்தில் இரண்டு தடவை மறுத்தால், அவருக்கு ஒரு கார்டு கொடுத்துவிடுங்கள். பெரியவர்களை வாசலில் நிற்கவைத்து விரலை ஒத்தி ஒத்தி எடுக்கச் சொல்வது நியாயமில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் விரல் பதிவு வேண்டாம். ரேகை நுணுக்கமாக இருக்கும், வளர வளர அளவும் மாறும்.

விடியற்காலையில் கோலம் போட வெளியே வந்தால் கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது. கையெல்லாம் மாவு, போன் உள்ளே.

மார்கழியில் இந்தப் புகார் அதிகம். தானியங்கிப் பூட்டு வசதி பல பூட்டுகளில் 5 விநாடி அளவில் வைத்தே வரும். வாசல் தெளித்துக் கோலம் போடும் வீட்டுக்கு அது ஒத்துவராது. தானியங்கியை நிறுத்திவிட்டு, இரவில் மட்டும் கையால் பூட்டும் பழக்கம் வைத்துக்கொள்ளலாம். நேரத்தை 2 அல்லது 3 நிமிடமாக நீட்ட முடிந்தால் அதுவும் சரி. மாவுக் கைக்கு விரலைவிட எண்தான் உதவும். ஆனால் தொடுதிரையில் மாவு ஒட்டினால், எந்த நான்கு எண்ணை அழுத்தினீர்கள் என்பது பளிச்சென்று தெரியும். துடைத்துவிடுங்கள், அல்லது சரியான எண்ணுக்கு முன்னும் பின்னும் வெற்று எண்களைச் சேர்த்து அழுத்துங்கள். பல பூட்டுகள் நடுவில் சரியான வரிசை வந்தால் ஏற்றுக்கொள்ளும்.

எந்த பேட்டரி போடுவது? புதிதாகப் போட்டும் ஒரு மாதத்தில் 'பேட்டரி குறைவு' என்கிறது.

பெரும்பாலான பூட்டுகளுக்கு நான்கு ஏஏ அளவு ஆல்கலைன் பேட்டரி, சிலவற்றுக்கு எட்டு. ஒன்று 1.5 வோல்ட், நான்கும் சேர்ந்து 6 வோல்ட். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவு விலை செல் இதற்கு ஆகாது. மோட்டார் கேட்கும் மின்னோட்டத்தை அதனால் கொடுக்க முடியாது. ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் முழுதாக ஏறியிருந்தாலும் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் தரும், நான்கும் 4.8. பூட்டு அதைக் காலியாகும் ஆல்கலைன் என்று எண்ணி முதல் நாளே எச்சரிக்கும். ரீசார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் செல்லிலோ எதிர்மாறான தொல்லை. கடைசிவரை ஒரே அளவு காட்டிவிட்டுச் சட்டென்று அணைந்துவிடும். எச்சரிக்கையே வராது. லித்தியம் பேக்கோடு வரும் பூட்டுக்கு அந்தப் பேக்கையே பயன்படுத்துங்கள்.

சீக்கிரம் தீர்கிறதென்றால், கையில் மல்டிமீட்டர் இருந்தால் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளங்கள். மூன்று 1.5க்குப் பக்கத்திலும் ஒன்று மட்டும் 1.3லும் இருந்தால் அந்த ஒன்று கெட்டது. நான்கையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. நான்கும் சமமாக இறங்கியிருந்தால் காரணம் வேறு: நாக்கு உரசி மோட்டார் திணறுவது (மேலே சொன்ன சுண்ணாம்புச் சோதனை), வலுவில்லாத வைஃபையைத் தேடித் தேடிச் சலிப்பது, தெருவில் போகிற ஆள் ஒவ்வொருவருக்கும் விழித்துக்கொள்ளும் கேமரா, அல்லது திரைச்சீலையோ மாவிலைத் தோரணமோ தொடுதிரையில் உரசிக்கொண்டே இருப்பது.

பூட்டு முழுதும் செத்துவிட்டது. 9 வோல்ட் பேட்டரியை வைத்தும் திறக்கவில்லை.

9 வோல்ட் பேட்டரி பூட்டைத் திறக்காது, எழுப்பும், அவ்வளவுதான். அதை முனைகளில் அழுத்திப் பிடித்தபடியே விரலையோ எண்ணையோ கொடுத்து, ஹேண்டிலையும் அழுத்த வேண்டும். இதற்கு இரண்டு கையும் தேவைப்படும். கூட்டல் கழித்தல் குறி இருந்தால் பார்த்து வையுங்கள். இல்லாவிட்டால் திருப்பி வைத்தும் பாருங்கள். முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அழிரப்பரால் தேயுங்கள்.

யூஎஸ்பி துளை உள்ள பூட்டில் பவர் பேங்க் செருகியும் எழவில்லையென்றால், சில பவர் பேங்குகள் குறைந்த மின்னோட்டத்தைக் கண்டு தாமாக அணைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதன் பொத்தானை மறுபடி அழுத்துங்கள், அல்லது வேறொன்றை மாற்றிப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் சாவி. அந்தச் சாவி வீட்டுக்குள் பீரோவில் இருந்தால் பயனில்லை. ஒன்று வண்டிச் சாவிக் கொத்தில், ஒன்று நம்பிக்கையான உறவுக்காரர் வீட்டில் இருக்கட்டும்.

சாவித்துளை இறுக்கமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

கூடாது. எண்ணெயில் தூசியும் நெல் உமியும் ஒட்டிச் சில மாதத்தில் பிசினாகிவிடும். கிராஃபைட் தூள் போடுங்கள். கிடைக்காவிட்டால் பென்சில் முனையைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்து, செருகி எடுங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை வெளிப்பெட்டியின் பக்கம் அடிக்காதீர்கள், உணரிக்கும் போர்டுக்கும் அது நல்லதல்ல. இங்கும் குளவி மண் இருக்கலாம். ஊசியால் கிளறி எடுத்துவிட்டு, மூடி உள்ள துளையை எப்போதும் மூடியே வையுங்கள்.

வெளித்திரையில் வெளிச்சமே இல்லை. உள்பொத்தான் மட்டும் வேலை செய்கிறது.

இரண்டு பக்கத்தையும் இணைக்கும் வயர். பொருத்தும்போது அது கதவுக்கும் தட்டுக்கும் நடுவே நசுங்கியிருக்கும், அல்லது இணைப்பான் பாதிதான் செருகியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, உள்பக்கத் தட்டைத் திறந்து, இணைப்பானை எடுத்துத் 'டக்' என்று உட்காரும்படி செருகுங்கள். வயரின் மேல் தோல் வெட்டுப்பட்டிருந்தால் டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம், வயரையே மாற்றச் சொல்லுங்கள்.

மழை பெய்தால் பூட்டு தானாக அலறுகிறது. பிறகு சில நிமிடம் யாருக்கும் திறப்பதில்லை.

தொடுதிரையில் விழும் துளிகளை அது விரல் என்று எண்ணுகிறது. தவறான எண் பல தடவை வந்ததாகக் கணக்கிட்டு, தன்னைத் தானே முடக்கிக்கொள்கிறது. இங்கே பெருமழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். எனவே கிழக்கும் வடக்கும் பார்த்த, திண்ணையோ தாழ்வாரமோ இல்லாத வாசல்களுக்கு இது அதிகம். பூட்டுக்கு மேலே ஒரு மழைமூடி மாட்டுங்கள்.

தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க, வெளிப்பெட்டியின் ரப்பர் வாஷர் கதவோடு ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். சித்திர வேலைப்பாடுள்ள கதவில் அது ஒட்டாது. மேல்பக்கத்திலும் இரண்டு பக்கவாட்டிலும் சிலிக்கான் பூசுங்கள். அடிப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். உள்ளே போன ஈரம் வடிய வழி வேண்டும். நான்கு பக்கமும் அடைத்துவிட்டால் பூட்டு உள்ளே வேகும்.

மேற்குப் பார்த்த வாசலில் தொல்லை வெயில். கறுப்புப் பெட்டி சித்திரை மதியத்தில் தொட முடியாமல் சுடும்; திரை தாமதிக்கும். அங்கேயும் மூடியோ தட்டியோதான் வழி.

வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார் போன்ற கடலோர ஊர்களுக்கு?

உப்புக்காற்று முதலில் ஸ்குரூவைத்தான் தின்னும். கூட வந்தவை சாதாரண இரும்பாக இருந்தால், கதவில் பொருத்தும் முன்பே 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுங்கள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள். தின்னரும் பெட்ரோலும் படக்கூடாது. பேட்டரி முனைகளை மாதம் ஒருமுறை பாருங்கள்.

எங்கள் வீட்டில் பழைய இரட்டைக் கதவு. மின்னணுப் பூட்டு போட முடியுமா?

முடியும். ஆனால் யோசித்துத்தான் போட வேண்டும். ஒரு கதவில் பூட்டும், மற்றதில் ஸ்டிரைக் பிளேட்டும் வரும். அந்த இரண்டாவது கதவு அசைந்தால் எல்லாம் வீண். அதற்கு மேலும் கீழும் டவர் போல்ட் போட்டு, எப்போதும் தாழிட்டே வைக்க வேண்டும். நடுவில் கொண்டி, நாதாங்கி மட்டும் இருந்தால் போதாது.

கனத்தை அளங்கள். பழைய வாசல் கதவுகள் 50 மி.மீ.யைத் தாண்டும். பூட்டோடு வரும் சதுரக் கம்பியும் ஸ்குரூவும் அதற்கு எட்டாது. கம்பி நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால், ஹேண்டில் சில நாள் திறக்கும், சில நாள் வழுக்கும். கனக் கதவுக்கான நீள உபரிப் பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். கதவின் ஓரச் சட்டத்தின் அகலத்தையும் பாருங்கள். பூட்டுப் பெட்டிக்கு 90 முதல் 100 மி.மீ. வரை மரம் தேவைப்படும். சட்டம் அதைவிடக் குறுகியதாக இருந்தால் குழி வெட்டும்போது நடுப்பலகையின் பொருத்து வெட்டுப்பட்டுக் கதவே கலகலத்துவிடும். அப்படிப்பட்ட கதவுக்கு, உள்பக்கமாக மேலே பொருத்தும் ரிம் வகைப் பூட்டுதான் ஏற்றது.

வயிரம் பாய்ந்த தேக்கில் முன்துளை இல்லாமல் ஸ்குரூ முறுக்கினால் தலை முறியும். 4 மி.மீ. ஸ்குரூவுக்கு 2.5–3 மி.மீ. முன்துளை போட்டு, ஸ்குரூவில் மெழுகு தடவுங்கள். பலர் சோப்புத் தடவுவார்கள். அது ஈரத்தை இழுத்து ஸ்குரூவைத் துருப்பிடிக்க வைக்கும்.

கரண்ட் போனால் கதவு திறக்காதா? புயல் காலத்தில்?

பூட்டு பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போய்விடுவது வைஃபையும், தொலைவிலிருந்து திறக்கும் வசதியும்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் வெளிநாட்டிலிருந்து போனை அழுத்தி ஊரில் கதவு திறப்பது நடக்காது. ஆகவே ஊரில் இருக்கும் ஒருவரிடம் இணையம் தேவைப்படாத எண்ணோ கார்டோ கட்டாயம் இருக்க வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன் பேட்டரியை மாற்றிவிடுங்கள். ரவுட்டரை இன்வெர்ட்டரில் இணைத்தால் சிறு வெட்டுகளைச் சமாளிக்கலாம்.

பூட்டு வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது.

பெரும்பாலான பூட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே அறியும். ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் பரப்பினால், இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5ஐ நிறுத்துங்கள். கனமான பழைய செங்கல் சுவர் இரண்டைத் தாண்டி முற்றத்துக்கு அப்பால் ரவுட்டர் இருந்தால் அலை வாசலுக்கு வரும்போது சோர்ந்துவிடும். ரேழியில் ஒரு ரிப்பீட்டர் வையுங்கள்.

நாங்கள் சிங்கப்பூரில். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்குத் தற்காலிக எண் அனுப்பினோம், பூட்டு ஏற்கவில்லை.

பூட்டின் கடிகாரத்தைப் பாருங்கள். இணையம் இல்லாமல் வேலை செய்யும் தற்காலிக எண்கள் நேரத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. பேட்டரி தீர்ந்து மாற்றியபோது கடிகாரம் பின்னுக்குப் போயிருந்தால், சரியான எண்ணும் இன்னும் நேரம் வராத எண்ணாகிவிடும். யாராவது போனோடு கதவருகே போய், செயலியில் நேரத்தைச் சரிசெய்ய வேண்டும். சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் என்பதால், செயலியில் பூட்டின் நேர மண்டலம் இந்தியாவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சில பூட்டுகளில் புது எண்ணை 24 மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது பயன்படுத்தாவிட்டால் அது செல்லாது.

இதைவிடப் பெரிய சிக்கல், பூட்டு யார் கணக்கில் இருக்கிறது என்பது. அவசரத்தில் பொருத்தியவர் தன் போன் எண்ணிலேயே செயலியைத் திறந்து பூட்டைச் சேர்த்திருப்பார். முதல் கணக்கிலிருந்து நீக்காமல் பல பூட்டுகளை வேறு கணக்கில் சேர்க்க முடியாது. ஊருக்குக் கிளம்பும் முன் உரிமையாளர் கணக்கு உங்கள் எண்ணில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதக்கணக்கில் பூட்டியிருக்கும் வீட்டில் பழைய ஆல்கலைன் செல் கசிந்து முனைகளை அரித்துவிடும். கிளம்பும் அன்று புது செல் போடுங்கள்.

ஆயுதபூஜைக்குப் பூட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாமா?

தாராளமாக, சாவித்துளைக்கும் விரல் வைக்கும் கண்ணாடிக்கும் தள்ளி, பெட்டியின் மேல்பாகத்தில் வையுங்கள். உணரியில் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டாதீர்கள். ஈரமான மெல்லிய பருத்தித் துணியை ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டுத் துடையுங்கள்.

எப்போது நாமே கை வைக்காமல் நிறுவனத்தைக் கூப்பிடுவது?

திறந்த கதவிலேயே, புது ஆல்கலைன் பேட்டரியோடும் மோட்டார் ஓடவில்லை. பேட்டரி இல்லாமல் உள்ஹேண்டில் திறக்கவில்லை. பெட்டிக்குள் தண்ணீர் தெரிகிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் கூப்பிடுங்கள். வெளிப்பெட்டியின் போர்டைத் திறந்துவிட்டால் உத்தரவாதம் போய்விடலாம். அழைக்கும் முன் பில், பெட்டியில் உள்ள வரிசை எண் ஆகியவற்றோடு, திறந்த கதவில் ஒன்றும் சாத்திய கதவில் ஒன்றுமாக, மோட்டார் சத்தம் கேட்கும்படி இரண்டு சின்ன வீடியோ எடுத்து வையுங்கள்.